புழு விழுந்த இறைச்சியும் பல்கலைக்கழகத் திரையும்

1

2012ஆம் ஆண்டு. நான் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒன்றில் மட்டும்தான் இப்படி என்று மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். நூலகத்தை ஒட்டி ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கும்போதும் அதில் திரைப்படக் கழகத்தின் பட்டியல் ஒட்டுவார்கள். உலக சினிமா, பன்னிரண்டு படம், புதன்கிழமை மாலை ஐந்தரை மணி, பிறகு கலந்துரையாடல். பட்டியல் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும்.

அந்தப் பலகைக்கு முன்னால் நின்று இயக்குநர்கள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்த நாள் நினைவிருக்கிறது. ஐசன்ஸ்டைன், டி சிகா, குரோசவா, சத்யஜித் ராய். ஜவளகிரியிலிருந்து தளி, தளியிலிருந்து ஓசூர், ஓசூரிலிருந்து இரவெல்லாம் பஸ் என்று வந்து சேர்ந்தவள் நான். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். உலகம் என்று ஒன்று இருக்கிறது, அது புதன்கிழமை ஐந்தரை மணிக்கு இங்கே வருகிறது என்று அந்தக் காகிதம் எனக்குச் சொன்னது. போனேன்.

முதல் படம் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்'. 1905இல் ருஷ்யக் கப்பற்படையில் நடந்த கலகத்தை வைத்து ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்த ஊமைப்படம். கப்பலில் மாலுமிகளுக்குச் சமைக்கத் தொங்கவிட்டிருக்கும் இறைச்சியில் புழு நெளிகிறது. மாலுமிகள் கத்துகிறார்கள். கப்பல் டாக்டர் வருகிறார். மூக்குக் கண்ணாடியை மடக்கிப் பிடித்து, இறைச்சிக்கு மிக அருகில் வைத்துப் பார்க்கிறார். கண்ணாடியில் புழுக்கள் பெரிதாகத் தெரிகின்றன. நல்ல இறைச்சிதான், உப்புத் தண்ணியில் கழுவினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

எனக்கு உடம்பு நடுங்கியது. பத்தாவது படிக்கும்போது நான் தங்கியிருந்த அரசு விடுதியில் அரிசியில் வெள்ளைப் புழு இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் எட்டுப் பிள்ளைகள் காப்பாளரிடம் போனோம். அவரும் தட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "கழுவினா போயிரும்மா. உங்க வீட்ல என்ன பொன்னி அரிசியா தின்னீங்க?" என்றார். அந்த முகம் திரையில் இருந்தது. கண்ணாடி மட்டும்தான் வேறு.

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். பேராசிரியர் ஒருவர் படத்தொகுப்பு பற்றிப் பேசினார். ஒடெஸா படிக்கட்டு, குழந்தை வண்டி, எழுந்து நிற்கும் கல் சிங்கம். நன்றாகத்தான் பேசினார், மறுக்கவில்லை. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். நான் எழுந்து, கலகம் படிக்கட்டில் தொடங்கவில்லை சார், சோத்துல தொடங்குது என்று சொல்லி, எங்கள் விடுதி அரிசிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நாலு வாக்கியம் போயிருக்கும். "இது சினிமா பற்றிய உரையாடல். சொந்த அனுபவங்களை வெளியே பேசிக்கலாமே" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

இது நடந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது, யார் யார் கை மாறி அந்தப் பலகைக்கு வந்தது, நான் எழுந்து பேசியபோது அந்த அரங்கு ஏன் சங்கடப்பட்டது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதைத் தேடித்தான் பிறகு படித்தேன்.

2

பல்கலைக்கழகத்துக்குள் சினிமா பாடமாக நுழைந்ததற்கு நூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1915இல் திரைக்கதை எழுதும் வகுப்பைத் தொடங்கியது. அந்த வருடம் அதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1913இல் போய்ச் சேர்ந்த அவர், 1916 மே 9 அன்று ஒரு கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய தம் கட்டுரையை வாசித்தார். ஒரே வளாகத்தில் முளைத்த இரண்டு பாடங்கள். சினிமாப் பாடம் நம் ஊர் அரங்குகளுக்குள் குளிர்சாதனத்தோடு வந்துவிட்டது. சாதிப் பாடம் இன்னும் வாசலில் அடையாள அட்டை காட்டிக்கொண்டு நிற்கிறது.

பிலிம் சொசைட்டி என்கிற அமைப்பு முறை நமக்கு லண்டன் வழியாக வந்தது. 1925இல் லண்டனில் தொடங்கிய பிலிம் சொசைட்டி, பொதுமக்களுக்குக் காட்டத் தடை செய்யப்பட்டிருந்த பொட்டெம்கினை 1929இல் தன் உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டியது. 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்கிற இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். தணிக்கையைத் தாண்ட அது ஒரு சாவி. கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கொள்ளவும் அதே சாவிதான்.

1947 அக்டோபரில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அவர்கள் திரையிட்ட முதல் படமும் பொட்டெம்கின்தான். 1952 ஜனவரியில் பம்பாயில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. 'பைசைக்கிள் தீவ்ஸ்', 'ராஷோமான்' போன்ற படங்கள் பம்பாயோடு நிற்காமல் சென்னை, டெல்லி, கல்கத்தா என்று பயணம் போயின. 1957இல் சென்னையில் மெட்ராஸ் பிலிம் சொசைட்டி வந்தது. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த அம்மு சுவாமிநாதன் அதை முன்னின்று நடத்தினார். 1959 டிசம்பரில் இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு உருவானபோது ராய் தலைவர். கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை, பாட்னாவோடு ரூர்க்கியும் அந்தத் தொடக்கத்தில் இருந்தது. ரூர்க்கி ஒரு பொறியியல் பல்கலைக்கழக ஊர். 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. பி.கே. நாயர் அங்கே ஒவ்வொரு பிரதியாகத் தேடித் தேடிச் சேர்த்தார். அங்கிருந்தும் வெளிநாட்டுத் தூதரகங்களிலிருந்தும் படச்சுருள்கள் தகரப் பெட்டியில் ரயில் ஏறி ஊர் ஊராகப் போயின.

இவர்கள் உழைப்பை நான் சிறுமைப்படுத்தவில்லை. அந்தத் தகரப் பெட்டி இல்லாவிட்டால் என் கண்ணில் பொட்டெம்கின் பட்டிருக்காது. ஆனால் கணக்கு கேட்கத்தான் வேண்டும். சந்தா கட்டி உறுப்பினராகக்கூடியவர் யார்? ஆங்கில எழுத்தோட்டத்தைப் படம் ஓடும் வேகத்தில் படிக்கக்கூடியவர் யார்? மாலை ஆறு மணிக்கு வேலை முடித்து, குளித்து, சலவைச் சட்டை போட்டு வரக்கூடியவர் யார்? நகரத்தில் படித்த மேல்சாதி நடுத்தர வர்க்கம். யாரும் 'பறையர், சக்கிலியர் வரக்கூடாது' என்று பலகை மாட்டவில்லை. மாட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கலந்துரையாடலுக்கு உட்கார்ந்தால் எனக்கு விடுதிக் கதவு சாத்திவிடும். ஏழரை மணி. அந்த நேரத்தை வைத்தவருக்கும் படம் போடும் நேரத்தை வைத்தவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இரண்டும் சேர்ந்து என்னை வெளியே வைத்தன.

இப்படி ஒரு குறிப்பிட்ட கூட்டம், குறிப்பிட்ட காலத்தில், தனக்குப் பிடித்ததைச் சேர்த்து வைத்த பட்டியல், நாற்பது ஐம்பது வருடத்தில் 'உலக சினிமா' என்று ஆகிவிட்டது. மனு எழுதியது சட்டமான கதைதான். இது தேர்வு, ரசனை என்றெல்லாம் சொல்வார்கள். ரசனைக்கும் ஒரு தெரு உண்டு.

3

இதற்கு இணையாக இன்னொரு வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. பொட்டெம்கின் கப்பலில் கலகம் நடந்த அதே 1905இல், திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். அந்தக் கூடாரம்தான் பிறகு டூரிங் டாக்கீஸ் ஆனது. தரை டிக்கெட், பெஞ்ச், சேர். காசு இருந்தால் உள்ளே போகலாம். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலை அரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, காசு என்று கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் எழுதிய நூலில் சுட்டிக்காட்டினார். கோயிலும் குளமும் கூத்துக் களமும் கொடுக்காததை ஒரு தரை டிக்கெட் கொடுத்தது உண்மை.

ஆனால் காசு திறந்த கதவைச் சாதி எத்தனை தடவை சாத்தியது என்பதும் வரலாறுதான். மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. ஜே.சி. டேனியல் எடுத்தது. அதில் கதாநாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி, நம் பெண். ஒரு நாயர் பெண்ணாக அவர் நடித்ததைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் திருவனந்தபுரம் கேபிடல் கொட்டகையில் திரையைக் கல்லால் அடித்தார்கள். அவர் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. ரோசி எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு ஓடிவந்து, தாம் யாரென்று சொல்லாமலேயே வாழ்ந்து முடித்தார். எந்தப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். ஜவளகிரி கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டோர ஊர். கேழ்வரகு விளையும் பூமி. அறுவடை நேரத்தில் பன்னேருகட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும். இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம்; 2004 வரை தருமபுரி. என் அம்மா சிறுமியாக இருந்த எழுபதுகளின் கடைசியில் அரசாங்க வேன் வரும். குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் போட்டுவிட்டு, கூட்டம் கலையாமலிருக்க ஒரு பழைய எம்.ஜி.ஆர். படமும் போடுவார்கள். திரை கட்டுவது ஊருக்குள், கோயில் திடலில். எங்க சனம் திடலுக்குள் கால் வைக்கக் கூடாது. அதனால் திரைக்குப் பின்னால் இருந்த புறம்போக்கில் உட்கார்ந்து, துணியின் மறுபக்கம் தெரியும் படத்தைப் பார்ப்பார்கள். எல்லாம் வலம் இடமாகத் தெரியும். எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கும். "எழுத்து எப்படி இருந்தா எங்களுக்கென்ன, படிக்கத் தெரிஞ்சாத்தானே?" என்பார் அம்மா. எம்.ஜி.ஆர். பீச்சாங்கையால் கத்தி சுத்துகிறவர் என்றே அம்மா ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரே படம், ஒரே வெளிச்சம், ஒரே துணி. முன்பக்கம் பார்த்தவர்கள் எழுதிய சினிமா வரலாறு நிறைய இருக்கிறது. பின்பக்கம் இருந்து பார்த்தவர்கள் எழுதியது எங்கே?

4

திரைக்கு முன்னால் நாம் இல்லை. திரையில் இருந்தோமா என்றால், இருந்தோம். எப்படி இருந்தோம்?

1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் வாங்கியது அன்றைக்குப் பெரிய செய்தி. 1942இல் ஜெமினி நிறுவனம் தண்டபாணி தேசிகரை வைத்து மறுபடி நந்தனார் எடுத்தது. எத்தனை தடவை எடுத்தாலும் நந்தன் தீயில் இறங்கித்தான் சிதம்பரத்துக்குள் போக வேண்டும். 1936இல் பாம்பே டாக்கீஸ் எடுத்த 'அச்சுத் கன்யா'வில் தீண்டப்படாத பெண் ரயிலில் அடிபட்டுச் சாகிறாள். 1981இல் பிரேம்சந்த் கதையை வைத்து ராய் தொலைக்காட்சிக்கு எடுத்த 'சத்கதி'யில், மகள் நிச்சயத்துக்கு நாள் கேட்கப்போன துக்கி, பார்ப்பான் வீட்டில் வெறும் வயிற்றோடு விறகு வெட்டியே சாகிறான். பிணத்தைத் தொடாமல் கயிறு கட்டி இழுக்கிறான் பார்ப்பான். ராயின் படங்களிலேயே மிகக் கோபமான படம் அதுதான் என்பேன். ஆனால் செமஸ்டர் பட்டியல்காரர்கள் ராய் என்றால் 'பதேர் பாஞ்சாலி' என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். ஏழைப் பார்ப்பனக் குடும்பத்தின் வறுமை உலக சினிமா. பார்ப்பான் இழுத்துப்போகும் பிணம் தொலைக்காட்சிப் படம்.

எங்களுக்குப் பக்கத்துக் கன்னட நாட்டில் 1975இல் பி.வி. காரந்த் 'சோமன துடி'யை எடுத்தார். சிவராம காரந்தின் நாவல். சோமன் ஒரு ஹொலெயன். தனக்கென ஒரு துண்டு நிலம், அதில் தானே ஏர் பூட்ட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அவன் பிறப்புக்கு அது கிடைக்காது. மகன் தண்ணீரில் மூழ்கும்போதுகூடத் தீட்டு பார்த்துக் கரையில் நிற்கிறார்கள். துடியை அடித்துக்கொண்டே செத்துப்போகிறான். அந்த ஆண்டின் சிறந்த இந்தியப் படம் என்று தேசிய விருது கொடுத்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 

இந்தப் படங்களை நான் தூக்கியெறியச் சொல்லவில்லை. எடுத்தவர்களின் மனசாட்சி உண்மையானது. ஆனால் அது அவர்கள் மனசாட்சி. பார்க்கிறவனுக்குக் கண்ணீர் வர வேண்டுமென்றால் நாம் சாக வேண்டியிருக்கிறது.

5

பல்கலைக்கழகச் சினிமா இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் 1965இல் கறுப்பின மக்கள் எழுச்சி நடந்தது. அதன் பிறகு அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத் திரைப்படத் துறைக்குள் கறுப்பின மாணவர்கள் நுழைந்தார்கள். அவர்களில் ஒருவர் சார்லஸ் பர்னெட். வாட்ஸில் ஆட்டிறைச்சிக் கூடத்தில் வேலை செய்யும் ஒரு மனிதனின் அன்றாடத்தை 'கில்லர் ஆஃப் ஷீப்' என்று எடுத்து, 1977இல் முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வேடாகவே கொடுத்தார். செலவு பத்தாயிரம் டாலருக்கும் குறைவு. பின்னணிப் பாடல்களுக்கு உரிமைப் பணம் கட்ட முடியாமல் முப்பது வருடம் பெட்டியில் கிடந்து, 2007இல்தான் கொட்டகைக்கு வந்தது. என் பேராசிரியர் 'சொந்த அனுபவம்' என்று வெளியே அனுப்பியதை அங்கே ஒருவன் பட்டத்துக்கே சமர்ப்பித்திருக்கிறான்.

செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன் மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாவல் எழுதினார். தம் நாவல்களை தம் சனங்களால் படிக்க முடியாது என்று கண்டு, நாற்பது வயதை ஒட்டி மாஸ்கோ போய் சினிமா கற்றார். 1966இல் அவர் எடுத்த 'கறுப்புப் பெண்', டாக்காரிலிருந்து பிரான்சுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்ணின் கதை. ஆப்பிரிக்காவுக்கு சினிமா ஒரு இரவுப் பள்ளி என்பது அவர் கருத்து. படத்தைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்.

நம் பக்கத்திலும் உண்டு. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த ஜான் ஆபிரகாம் 1984இல் கேரளத்தில் தோழர்களோடு ஒடெஸா இயக்கத்தைத் தொடங்கினார். பெயரே பொட்டெம்கின் வந்து நின்ற துறைமுகத்தின் பெயர்தான். மக்களிடம் காசு வசூலித்து 'அம்ம அறியான்' (1986) எடுத்து, அதை ஊர் ஊராகத் திரையிட்டார்கள். திருநெல்வேலியில் காஞ்சனை திரைப்பட இயக்கம் நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன், 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டி 17 பேர் செத்ததை 'நதியின் மரணம்' என்று ஆவணமாக்கினார். உலகப் படம் காட்டிக்கொண்டிருந்த ஒரு இயக்கத்தின் கை, தன் ஊர் ஆற்றில் பிணம் மிதந்தபோது கேமராவை எடுத்தது. மதுரையில் ஆர்.பி. அமுதன் துப்புரவுப் பணியாளரான ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து எடுத்த 'பீ' (2003), திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) எல்லாம் இந்த வழியில் வந்தவை. 'கக்கூஸ்' திரையிடப் பல ஊர்களில் போலீஸ் அனுமதி மறுத்தது. ஒரு படத்தை அரசாங்கம் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறது என்று தெரிய இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

6

திரையிடல் என்பது பொழுதுபோக்கு இல்லை, அது வளாகத்தில் யாருக்கு இடம் என்கிற சண்டை என்பதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது ஹைதராபாத்தில் நடந்ததிலிருந்துதான். 2013 முசாபர்நகர் வன்முறை பற்றி நகுல் சிங் சாஹ்னி எடுத்த ஆவணப்படம் 'முசாபர்நகர் பாக்கி ஹை'. 2015 ஆகஸ்ட் 1 அன்று டெல்லி கிரோரி மால் கல்லூரியில் அதைத் திரையிட்டபோது ஏபிவிபியினர் புகுந்து நிறுத்தினார்கள். அதைக் கண்டித்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் போராட்டம் நடத்தியது. அதையொட்டி எழுந்த தகராறில் புகார், விசாரணை, மத்திய அமைச்சர் கடிதம் என்று போய், ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கடைசியில் விடுதியிலிருந்தும் வளாகத்தின் பொது இடங்களிலிருந்தும் விலக்கப்பட்டார்கள். அந்த ஐவரில் ஒருவர் ரோகித் வெமுலா.

2016 ஜனவரியில் அவர்கள் மூட்டை முடிச்சோடு வெளியே வந்து, வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'வெலிவாடா'. ஊருக்கு வெளியே இருக்கும் சேரி என்று அர்த்தம். மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை. எங்க அவ்வா எங்கள் தெருவைச் சொல்லும் சொல் அது. ஜனவரி 17 அன்று ரோகித் இறந்தார். வயது 26. 2024 மே மாதம் தெலங்கானா போலீஸ் நீதிமன்றத்தில் கொடுத்த அறிக்கை, அவர் தலித்தே இல்லை என்று சொல்லி வழக்கை மூடப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மறுபடி விசாரிப்பதாகச் சொன்னார்கள். செத்த பிறகும் சாதிச் சான்றிதழ் கேட்கிறது இந்த நாடு.

ஒரு படம் நிறுத்தப்பட்டதில் தொடங்கியது அது. அதனால்தான் பட்டியல் விஷயத்தை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

7

2019 ஜனவரி 17, ரோகித் நினைவு நாளில், எங்கள் காலனியில் முதல் படம் போட்டோம். ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளராக இருக்கும் பையன்கள் புரொஜக்டருக்குக் காசு போட்டார்கள். திரை என் அம்மாவின் வெள்ளைப் போர்வை. என்ன படம் போடுவது என்று பெரிய சண்டை. நான் பொட்டெம்கின் என்றேன். "ஊமைப் படமா? எவன்க்கா பார்ப்பான்?" என்றான் ஒருவன். ஊமைப் படமாக இருந்ததுதான் வசதியாகப் போயிற்று. எழுத்து வரும் இடத்தில் எல்லாம் நான் தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் சொன்னேன். புழு வந்தபோது யாரும் படத்தொகுப்பைப் பற்றிப் பேசவில்லை. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தங்கள் விடுதிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். படத்தை நிறுத்தி வைத்துப் பேசவிட்டோம். அரைமணி நேரம் ஓடியது. பிறகு கலகத்தைப் பார்த்தோம்.

இரண்டாவது படம் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. வேலைக்கு சைக்கிள் வேண்டும், அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க வீட்டுப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைக்கிறாள் மனைவி. ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் ஒரு அக்கா, "குளிருக்கு அந்தப் புள்ளை என்னத்தைப் போத்தும்?" என்று கேட்டார். அம்மா போர்வையில் அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியை எந்த விமர்சனப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மூன்றாவது 'சோமன துடி'. எல்லைப்புறத்தில் கன்னடம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிந்ததும் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "நெலம் கேட்டவனுக்கு நெலந்தவிர எல்லாம் வந்துச்சு" என்று எழுந்து போனார். பத்தாவது படிக்கும் ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "ஏன்க்கா, எல்லாப் படத்துலயும் நம்மாளு கடைசியில செத்துத்தான் ஆவணுமா?"

அடுத்த மாதம் அவளுக்காக நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபண்ட்ரி' (2013) போட்டோம். பன்றி பிடிக்கும் குடும்பத்துப் பையன், பிடித்த பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடச் சுவரைக் கடந்து போகிறான். சுவரில் பாபாசாகேப் படம். கடைசியில் தன்னைக் கேலி செய்தவன் மேல் கல்லெறிகிறான், கல் நேராக நம்மை நோக்கி வருகிறது. அந்தப் பிள்ளை கை தட்டினாள். ரோசியின் திரையில் விழுந்த கல்லுக்கு இது பதில் கல் என்று எனக்குத் தோன்றியது. சென்னையில் இன்றைக்கு நீலம் பண்பாட்டு மையம் ரோசி பெயரிலேயே திரைப்பட விழா நடத்துகிறது. கல் திரும்பத் தொடங்கிவிட்டது.

2020 மார்ச்சில் ஊரடங்கோடு நின்றுபோய், 2022இல் மறுபடி ஆரம்பித்தோம். ஒரு நாள் பிள்ளைகள் பிடிவாதமாகக் கேட்டதால் பழைய எம்.ஜி.ஆர். படம் ஒன்று போட்டோம். அம்மா முன்வரிசையில், திரைக்கு நேராக உட்கார்ந்திருந்தார். கத்திச் சண்டை வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அடியே, இவரு சோத்தாங்கைக்காரரு" என்றார்.

பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். திரைப்படக் கழகத்துக்குப் போங்கள், வெளியே நின்று திட்டாதீர்கள். பட்டியல் போடும் கூட்டத்தில் உட்காருங்கள். யார் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் இந்தப் பன்னிரண்டு, 'சத்கதி' எங்கே, பர்னெட் எங்கே என்று கேளுங்கள். விடுதிக் கதவு சாத்துவதற்கு முன்னால் கலந்துரையாடல் முடிகிற மாதிரி நேரம் வைக்கச் சொல்லுங்கள். சொந்த அனுபவத்தை வெளியே பேசு என்றால் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்துவிட்டேன், அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

எங்கள் அடுத்த படம் 'கில்லர் ஆஃப் ஷீப்'. மாதக் கடைசி சனிக்கிழமை, மாலை ஆறரை மணி, ஜவளகிரி காலனி. கேழ்வரகு அறுவடை நேரம் என்பதால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு யானை இறங்கும், ஆட்கள் காவலுக்குப் போக வேண்டும். தூரத்திலிருந்து வரும் தோழர்கள் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். போர்வை மட்டும் கொண்டு வாருங்கள், எங்க வீட்டுப் போர்வை திரையில் இருக்கும்.